முதுநகர்த் தெருவுக்கு ஒரு சங்கம்: எதைக் கையில் எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது. கடலூர் முதுநகரில் ஒரு பழைய வணிகர் தெரு, ஏறக்குறைய 120 வாசல். திண்ணை வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது, மீதியில் வாடகைக் குடித்தனம். தெருவோர வாய்க்கால் அடைத்துக்கொண்டு ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுகிறது. பதினைந்து பேர் சேர்ந்து ஒரு தன்னார்வ அமைப்பு தொடங்க நினைக்கிறீர்கள். மாநகராட்சி செய்ய வேண்டிய வேலையில் எங்களுக்கு என்ன இடம், பதிவு எப்படி, பணம் எங்கிருந்து என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் கேட்காத கேள்வி ஒன்றும் இருப்பதாகப் படுகிறது: நாலு மரக்கன்று நட்டு, சுவரில் படம் வரைந்து, போட்டோ போட்டுவிட்டு ஆறு மாதத்தில் கலைந்துபோகும் இன்னொரு குழுவாக ஆகிவிடுவோமோ என்று. அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பழைய நகர்ப்பகுதி ஒன்றை மீட்க ஆகவேண்டிய வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். டெண்டருக்கு முன்னால் உள்ளது, டெண்டர் முதல் பில் பாஸாகும் வரை உள்ளது, திறப்பு விழாவுக்குப் பின்னால் உள்ளது. நடுத்துண்டை அரசு செய்துவிடும். நன்றாகவோ மோசமாகவோ, பணம் ஒதுக்கி ஆள் வைத்துச் செய்துவிடும். முன்னும் பின்னும்தான் ஆளில்லாத இடம். எந்த வீட்டுக்கு யார் வாரிசு, எந்த இடத்தில் வாய்க்கால் மேடேறி இருக்கிறது, எந்தக் குடித்தனம் கிளம்பச் சொன்னால் போக்கிடம் இல்லாமல் நிற்கும் என்பதெல்லாம் எந்த மதிப்பீட்டுத் தாளிலும் இருக்காது. அதேபோல், போட்ட மூடியை மூன்றாம் வருடம் தூக்கிப் பார்க்கவும் எந்தத் தலைப்பிலும் நிதி இருக்காது. தன்னார்வ அமைப்புக்கு உரிய இடம் இந்த இரண்டு முனைகள்தான் என்பது என் உறுதியான கருத்து. நடுத்துண்டில் கை வைத்த அமைப்புகள் பெரும்பாலும் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன.

பக்கத்திலேயே பார்த்துவரக்கூடிய உதாரணம் புதுச்சேரி வைசியாள் வீதி. பெயர்ப்பலகையில் கால்வே சுப்பராய செட்டியார் வீதி என்று இருக்கும். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில் 2002 முதல் 2004 வரை இந்த வீதியின் ஒரு பகுதியில் வீட்டு முகப்புகள் சீர்செய்யப்பட்டன. புதுச்சேரி நகராட்சியோடு இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சூர்-லோவும் கூட்டு நகரங்களாக இருந்தன. களவேலையைச் சுமந்தது மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது இந்த வீதிக்குக் கிடைத்தது. விருதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது வேலை நடந்த விதம். வீடுகள் தனியாருடையவை, தெரு நகராட்சியுடையது, பணத்தில் ஒரு பங்கு வெளிநாட்டினுடையது. இந்த மூன்று தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வரைபடத்தோடும் வீட்டுவாரி விவரத்தோடும் காத்திருந்த ஓர் அமைப்பு முன்கூட்டியே இருந்தது. பணம் வந்த பிறகு கணக்கெடுப்பு தொடங்கியிருந்தால் திட்டக்காலம் அதிலேயே கரைந்திருக்கும்.

அதே ஊரில் எதிர் உதாரணமும் உண்டு. கடற்கரைச் சாலையில் 1870-களில் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. அது பாழடைகிறது என்பது ஊருக்கே தெரியும். மரபு ஆர்வலர்களும் பலகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு உலக வங்கி நிதியில் பழைய முகத்தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். மதிப்பு தெரிந்த கட்டடத்தைக்கூட எச்சரிக்கை மட்டும் காப்பாற்றிவிடாது. ஆகவே ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்பதை உங்கள் நோக்கப் பட்டியலில் முதலில் எழுதாதீர்கள்.

முதல் வேலை வீட்டுவாரிக் கணக்கெடுப்பு. ஒரு வாசலுக்கு ஒரு தாள். பழைய கதவு எண், புதிய கதவு எண், உரிமையாளர், குடியிருப்பவர், எத்தனை குடித்தனம், எத்தனை வருடமாக, கூரை வகை, விரிசல் எங்கே, சுவரில் ஈரம் எத்தனை அடி உயரம் வரை, கழிப்பறைத் தண்ணீர் எங்கே போகிறது, வாசலில் மழைநீர் எந்தப் படி வரை வந்தது. வருடம் கேட்டால் ஆட்களுக்கு நினைவிருக்காது. ‘தானே புயலுக்கு முன்னாலயா பின்னாலயா?’, ‘ரெண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்துல எந்தப் படி?’ என்று கேளுங்கள், சட்டென்று சொல்வார்கள். தானே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. எல்லார் நினைவிலும் அது ஓர் எல்லைக்கல். இருவர் கொண்ட ஒரு ஜோடி ஒரு நாளில் எட்டு வீடு முடிக்கலாம், அதற்கு மேல் போனால் தாளில் பொய் ஏறும். நான்கு ஜோடி நான்கு ஞாயிற்றுக்கிழமை போனால் 120 வாசலும் முடிந்துவிடும். ஜோடியில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. கழிப்பறை, தண்ணீர் பற்றிய உண்மை பெண்களிடம்தான் இருக்கிறது, அதை அவர்கள் பெண்களிடம்தான் சொல்வார்கள். போட்டோ எடுக்கும்போது எதிர்ச்சாரியில் சுவரை ஒட்டி நின்று, ஒரு மீட்டர் அளவுக்கு கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த கம்பை வாசலில் சாய்த்து வைத்து எடுங்கள். அந்தக் கம்பு இல்லாத போட்டோவை எந்தப் பொறியாளரும் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்த முடியாது.

அடுத்தது, வெளியிலிருந்து பார்த்தால் அற்பமாகத் தெரிகிற, ஆனால் உங்கள் தெருவின் நோயில் பாதிக்கு மேல் அடங்கிய விஷயம்: ரோட்டின் உயரம். தார் ரோடு ஒருமுறை மேலே போட்டால் 30 முதல் 40 மில்லிமீட்டர் ஏறும். சுரண்டாமலே ஐந்து முறை போட்டால் 15 முதல் 20 சென்டிமீட்டர். சிமெண்டு ரோடாக இருந்தால் ஒரே தடவையில் அத்தனையும் ஏறிவிடும். முழங்கால் உயரத்துக்கு இருந்த திண்ணை கணுக்கால் உயரத்துக்கு இறங்குவது இப்படித்தான். திண்ணை இறங்கவில்லை, தெரு ஏறியிருக்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் தமிழகத் தலைமைச் செயலாளர் எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். அறிவுறுத்தல் இருந்தும் இரவோடு இரவாக மேலேயே போட்டுவிட்டுப் போவது நிற்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் அளந்து காட்ட யாரும் தெருவில் இருப்பதில்லை. இதைச் செய்ய ஒரு மேஸ்திரியின் டியூப் லெவல் போதும்: 15 மீட்டர் நீளத் தெளிவான பிளாஸ்டிக் குழாய், உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர். தெருமுனையில் மாறாத ஒரு கல்லை, கோயில் படியோ பழைய கட்டடத்தின் கருங்கல் பாதமோ, ஆதாரமாக வைத்துக்கொண்டு அதே மட்டத்தை ஒவ்வொரு வீட்டுச் சுவருக்கும் கடத்தி, சிவப்பு பெயிண்டில் ஒரு விரல் நீளக் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து ரோடு வரை எத்தனை சென்டிமீட்டர், உள் தரை வரை எத்தனை என்று தாளில் எழுதுங்கள். ரோடு ஒப்பந்தம் விடப்போவதாகத் தெரிந்ததும் இந்த அளவுகளோடு ஆணையருக்கும் பொறியாளருக்கும் மனு கொடுங்கள். வேலை முடிந்த மறுநாள் மறுபடி அளங்கள். குழாயில் குமிழி சிக்கினால் அளவு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தப்பும். அப்படித் தப்பிய ஒரே ஒரு அளவைக் காட்டி உங்கள் முழுப் பட்டியலையும் தள்ளிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு ஐந்து வீட்டுக்கும் ஆதாரக் கல்லுக்குத் திரும்பிவந்து சரிபாருங்கள்.

வாய்க்காலுக்கு வருகிறேன். ‘ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இறங்கித் தூர்வாரிவிடுவோம்’ என்ற யோசனையை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் சேறு என்றால் 36 கனமீட்டர். ஈரச்சேறு கனமீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், ஆக ஏறக்குறைய 58 டன். பாண்டு சட்டிக்கு 15 கிலோ என்று வைத்தால் 3,800-க்கு மேல் சட்டி. முப்பது பேர் வந்தாலும் ஆளுக்கு 125-க்கு மேல். டிராக்டர் டிப்பரில் 13 நடை. அதைவிட முக்கியம், வீட்டுக் கழிப்பறைத் தண்ணீர் கலக்கும் வாய்க்காலில் ஆளை இறக்குவது ஆபத்து. மூடிய பகுதிகளில் சேரும் விஷவாயு மோப்ப உணர்வைக்கூடச் சில நொடியில் மரக்கச் செய்துவிடும், ஆள் விழுந்த பிறகுதான் தெரியும். சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தொண்டு என்ற பெயர் வைத்துக்கொண்டால் வாயுவின் வீரியம் குறைந்துவிடாது. தூர்வாருவது மாநகராட்சியின் இயந்திரத்துக்கு உரிய வேலை. உங்கள் வேலை, வாரிய சேறு அன்றைக்கே லாரியில் ஏறுகிறதா என்று நின்று பார்ப்பது. கரையில் குவித்து ‘காயட்டும், அப்புறம் எடுக்கிறோம்’ என்பார்கள். ஒரே மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே போய்விடும். பணம் மட்டும் செலவானதாகக் கணக்கில் நிற்கும்.

தூர்வாரியும் தண்ணீர் நிற்கிறது என்றால் குற்றம் சேற்றில் இல்லை, மட்டத்தில். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு குச்சியை விட்டுத் தேங்கிய ஆழத்தை எழுதுங்கள். ஆழம் கூடிக்கொண்டே போய்த் திடீரென்று குறையும் இடத்தில் ஏதோ குறுக்கே நிற்கிறது. பெரும்பாலும் அது ரோட்டைக் கடக்கும் சிறுபாலத்தின் அடித்தளம், வாய்க்கால் தரையைவிட உயரமாகக் கட்டப்பட்டிருக்கும். அல்லது ஒரு குடிநீர்க் குழாய் குறுக்கே போயிருக்கும். இன்னொரு காரணம் கடை வாசல்களில் வாய்க்கால் மேல் ஒரே வார்ப்பாகப் போட்ட கான்கிரீட் மூடி. அதைத் திறக்கவே முடியாது. 60க்கு 45 சென்டிமீட்டர், ஏழரை சென்டிமீட்டர் கனத்தில் கொக்கி வைத்த துண்டுப் பலகைகளாக வார்த்தால் ஒன்று ஏறத்தாழ 49 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். கடைக்காரரிடம் ‘ஆக்கிரமிப்பு’ என்று பேசினால் வாசல் அடைபடும். மூடியைத் துண்டாக மாற்றிக்கொள்ளலாம், உங்கள் படி அப்படியே இருக்கும் என்று பேசினால் பத்தில் சிலராவது கேட்பார்கள்.

வீடுகளைப் பொறுத்தவரை நீங்கள் கட்டுமானம் செய்ய வேண்டாம். ஆனால் தப்பான வேலை நடக்காமல் தடுக்க வேலையின் விவரம் தெரிந்திருக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் கீழே ஈரம் ஏறினால் எல்லாரும் சிமெண்டுப் பூச்சு பூசுகிறார்கள். ஆறு மாதம் அழகாக இருக்கும். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது, அதனால் ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறி, முன்பு இரண்டடியில் நின்றது நான்கடியில் உப்புப் பூக்கும். கடல் பக்கத்து ஊரில் இது இன்னும் வேகம். சரியான வழி: ஈரக்கோட்டுக்கு மேலே இன்னும் ஓரடி, ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளை இரண்டு சென்டிமீட்டர் ஆழம் சுரண்டி, துடைப்பத்தால் உப்பைத் தட்டி, சுவரை ஒரு கோடைக்காலம் மூச்சுவிட வைத்துவிட்டு, ஒரு பங்கு நன்றாக நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று இரண்டு தடவையாகப் பூசுவது. சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். அவசரத்தில் ஊறாத கட்டி கலந்தால் பூசிய பிறகு அது வெடித்துப் பூச்சில் சின்னச் சின்னக் குழியாக உதிரும். கடற்கரை மணல் கூடவே கூடாது. பூசிய பின் ஒரு வாரம், பத்து நாள் வெயில் நேராகப் படாமல் சாக்கு தொங்கவிட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தை முதல் ஆனி வரை இதற்குத் தோதான காலம். ஐப்பசியில் தொடங்கினால் சுண்ணாம்பு இறுகவே இறுகாது. நிதி ஆண்டு மார்ச்சில் முடிகிறது, அதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று நவம்பரில் பூச்சு வேலை தொடங்கச் சொல்லும் நன்கொடையாளரிடம் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தெருவோரத் தாழ்வாரத்தின் மரத்தூண்கள் மேலிருந்து கெடுவதில்லை. அடி அரை அடிதான் இற்றுப்போகும். தூண் உட்கார்ந்திருக்கும் கருங்கல் பாதம், ரோடு ஏறியதால் புதைந்து, மரம் நேராக மண்ணிலிருந்து தண்ணீர் குடிக்கிறது. முழுத்தூணையும் பிடுங்கிவிட்டு கான்கிரீட் தூண் வைக்கச் சொல்வார்கள். தேவையில்லை. இருபக்கமும் முட்டுக் கொடுத்து, இற்ற பகுதியை நல்ல மரம் தெரியும் வரை அறுத்து, அதே சாதி மரத்தில் சாய்வெட்டு இணைப்பு போட்டு, பாதக் கல்லை ரோட்டு மட்டத்துக்கு மேல் அரை அடியாவது உயர்த்தினால் போதும். இணைப்பின் நீளம் தூணின் கனத்தைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு இருக்கட்டும். மெட்ராஸ் ஒட்டுக் கூரை, அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய பழைய மொட்டைமாடி, ஒழுகினால் மேலே கான்கிரீட் கொட்டுவது அடுத்த பெரிய பிழை. கட்டைகள் அந்தப் பாரத்துக்கானவை அல்ல. தட்டோட்டு இணைப்புகளில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்து, இணைப்பை அடைத்தாலே பாதி ஒழுக்கு நின்றுவிடும். ஆனால் உத்திரம் தொய்ந்திருக்கிறது, கட்டையின் சுவர்முனை கையால் குத்தினால் உதிர்கிறது என்றால் உங்கள் அமைப்பு எந்த ஆலோசனையும் சொல்லக்கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் அது.

இதையெல்லாம்விட உங்களை அதிக நாள் தின்னப்போவது காகிதம். பூட்டிய வீடு பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் அநேகமாகப் பணமின்மை அல்ல, பாகம் பிரியாதது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும். வாரிசு பதினொரு பேர். இரண்டு பேர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர். புதுச்சேரியில் இதே கதையில் பிரான்ஸ் வரும். வெளிநாட்டு வாரிசு அனுப்பும் அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். இதைத் தெரியாமல் பீரோவில் வைத்துவிட்டுப் பிறகு அபராதத்தோடு அலைபவர்கள் நிறைய. வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டு நகல், இந்த மூன்றையும் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள உதவும் ஒரு மேசையை மாதம் இரண்டு சனிக்கிழமை போட்டால், சுவரோவியம் எதுவும் செய்யாத மாற்றத்தை அது செய்யும். வாரிசுத் தகராறில் மட்டும் பஞ்சாயத்துக்கு உட்காராதீர்கள். ஒரு தரப்பின் ஆள் என்று ஒருமுறை பெயர் விழுந்தால் தெருவே இரண்டாகிவிடும்.

குடித்தனக்காரர் பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லாமல் சொல்ல முடிவது ஒன்று: தெரு அழகானால் வாடகை ஏறும். புதுச்சேரியின் கடலோரப் பகுதியில் பழைய வீடுகள் விடுதியும் உணவகமுமாக மாறியிருப்பதைப் பார்க்க அரைமணி நேர நடை போதும். முகப்புச் சீரமைப்பு மட்டுமே அதற்குக் காரணமா, சுற்றுலாப் பெருக்கமும் மது விலையும் எவ்வளவு பங்கு என்பது விவாதத்துக்குரியது. முதுநகரில் அந்த அளவுக்குச் சுற்றுலா வராது என்று நானும் நினைக்கிறேன், ஆனால் அது ஊகம். ஊகத்தை நம்பி எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இறங்காதீர்கள். எந்த வீட்டுக்காரருக்கு உங்கள் வழியாக உதவி போகிறதோ, அவர் இத்தனை ஆண்டு குடித்தனத்தைக் காலிசெய்யச் சொல்வதில்லை, மீறினால் உதவித்தொகை திரும்பத் தர வேண்டும் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். நீதிமன்றத்தில் அது எவ்வளவு தாங்கும் என்பது வாசகத்தைப் பொறுத்தது, வழக்கறிஞர் எழுதட்டும். அதோடு, வாடகைதாரரிடமும் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா பாருங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கேட்கிறது. வாய்ப்பேச்சில் இருபது வருடம் இருப்பவர்தான் முதலில் வெளியேறுவார்.

கூட்டம் எங்கே போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். காலை பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் போட்டால் வீட்டுக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் வருவார்கள். துறைமுகத்துக்குப் போகிறவர், மீன் விற்கிற அம்மா, லோடு ஏற்றுகிறவர் யாரும் வரமாட்டார்கள். கோயில் மண்டபத்தில் போட்டால் சிலர் வாசலிலேயே நிற்பார்கள், சிலர் வரவே மாட்டார்கள். மாநகராட்சிப் பள்ளி, இரவு ஏழரை மணி, தரையில் பாய். செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்காவது வாடகைதாரர் இருக்கட்டும்.

சட்டப்படி உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, புதுச்சேரிக்காரருக்கு இல்லை. கடலூர் 2021-இல் மாநகராட்சியானது. 45 வார்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் உண்டு. 2022-இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபாவும் உண்டு. உங்கள் கணக்கெடுப்பு பகுதி சபாவில் தீர்மானமாக ஏறினால் அதற்கு மனுவைவிடக் கனம் அதிகம். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தபின் அடுத்த தேர்தல் இன்னும் நடக்கவில்லை. அங்கே தன்னார்வ அமைப்புகளே பல விஷயத்தில் வார்டு உறுப்பினரைப் போல நிற்க வேண்டியிருக்கிறது. துறைமுகத் தடுப்புச் சுவரால் வடக்கே கடற்கரை அழிந்ததைப் பாண்டிகேன் போன்ற அமைப்புகள் பல ஆண்டு விடாமல் பேசியது பயன் தந்தது. ஆனால் ஓட்டு வாங்காதவர் ஊருக்காகப் பேசும்போது ‘உங்களை யார் அனுப்பினார்கள்’ என்ற கேள்விக்கு எப்போதும் பதில் தயாராக இருக்க வேண்டும். கடலூரில் உறுப்பினரை ஒதுக்கிவிட்டு நீங்களே நேராகப் போனால், அந்தக் கேள்வி முதல் மாதமே வரும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சண்டைக்கு வைக்காமல் வேலைக்கு வையுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். ‘என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்’ என்று கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வரும். குறிப்பிட்ட தெருவின் பெயர் சொல்லி, மதிப்பீட்டு நகல், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பணி ஆணை, ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்புக் காலம் இவற்றைக் கேளுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. இதைப் பயன்படுத்துகிறவர் மிகக் குறைவு.

நடுத்துண்டில் ஏன் இறங்கக் கூடாது என்றேன் என்றால், சுனாமிக்குப் பிந்தைய அனுபவம் கண்முன் இருக்கிறது. 2005-இல் தமிழக அரசு வீடுகட்டும் வேலையில் தன்னார்வ அமைப்புகளைக் கூட்டாளியாக அழைத்தது. ஒரு வீடு 300 முதல் 325 சதுர அடி, மதிப்பு ஒன்றரை லட்சம் என்று கணக்கு. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கட்டுகிற அமைப்பாக மாறியதும் கம்பி விலை, கொத்தனார் கூலி, ஒப்படைப்பு தேதி என்று கவனம் திரும்பிவிடும். சாவியைக் கொடுத்தவுடன் அலுவலகத்தை மூடுவார்கள். கழிப்பறைத் தொட்டி நிரம்பும்போது கேட்க ஆளிருக்காது. இன்னொன்று, மாநகராட்சியிடம் பில் நிலுவை வைத்திருக்கும் அமைப்பு அதே மாநகராட்சியின் ரோட்டு உயரத்தைப் பற்றி வாய் திறக்காது.

பதிவு எளிது. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம். அறக்கட்டளை வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம். தெரு வேலைக்குச் சங்கம்தான் பொருத்தம், பொதுக்குழு கூடிக் கணக்குக் கேட்க முடியும். வருமான வரித் துறையில் தொண்டு அமைப்புக்கான பதிவும் நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் பதிவும் (12ஏபி, 80ஜி என்று பழகிய பெயர்கள்) இல்லாமல் நன்கொடையாளர் தயங்குவார். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு அதோடு சிஎஸ்ஆர்-1 பதிவும், பெரும்பாலும் மூன்றாண்டு வேலை வரலாறும் கேட்பார்கள். சிப்காட் தொழிற்பேட்டை அருகில் இருப்பதால் இந்த வாசலைப் பலரும் காட்டுவார்கள். வாங்குவதா என்பதை, ஊருக்கும் அந்த ஆலைகளுக்கும் உள்ள பழைய மாசுப் பிரச்சினையின் வரலாற்றை மனதில் வைத்து, பொதுக்குழுவில் கைதூக்கி முடிவுசெய்யுங்கள். வெளிநாட்டுப் பணம் உறவினர் வழியாக வந்தாலும் அமைப்பின் கணக்கில் ஏற்றாதீர்கள்; அதற்குத் தனிப் பதிவும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கும் வேண்டும், தப்பினால் அமைப்பே முடங்கும். மக்களும் அரசும் சேர்ந்து பணம் போடும் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று. வாய்க்கால் மூடிக்கும் தெருவிளக்குக்கும் இது சரியான வழி.

பராமரிப்புக்கு வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் என்றால் 120 வாசலுக்கு வருடம் 1,44,000. நான்காம் மாதத்தில் பாதிப் பேர் தரமாட்டார்கள் என்று வைத்து 72,000-க்குத் திட்டம் போடுங்கள். அதில் புரட்டாசியில் ஒருமுறை மூடிகளைத் தூக்கிப் பார்க்கவும், உடைந்த பத்துப் பலகைகளை மாற்றவும், டியூப் லெவல் அளவை வருடம் ஒருமுறை திரும்ப எடுக்கவும் முடியும். வரவு செலவை மாதம் முதல் ஞாயிறு தெருமுனை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பணம் தராதவர் பெயர் அதில் வேண்டாம். தந்தவர் பெயரும் தொகையும் மட்டும் போதும்.